பவர் பட்டனும் வாடைக்காற்றும்

2023 ஐப்பசியில் ஒரு நாள் காலை சிபியூ பட்டனை அமுக்கினேன், ஒன்றும் நடக்கவில்லை. ஃபேன் சுற்றவில்லை, லைட் எரியவில்லை, மானிட்டர் கறுப்பாகவே நின்றது. திரும்ப அமுக்கினேன், அழுத்தி அமுக்கினேன், ஏழாவதோ எட்டாவதோ தடவை சட்டென்று ஆன் ஆகிவிட்டது, நானும் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். கல்யாண ஆல்பம் டிசைன் செய்வது என் தொழில், அன்றைக்கு மத்தியானத்துக்குள் 40 பக்கம் அனுப்ப வேண்டியிருந்தது. அதனால் பட்டன் ஏன் அப்படிச் செய்தது என்று யோசிக்கவே இல்லை. அடுத்த ஒரு மாதம் அந்தப் பட்டன் என்னைப் படுத்திய பாட்டையும், கடைசியில் எது கோளாறு என்று கண்டுபிடித்த விதத்தையும் விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் கடலோரத்தில் சொந்தமாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வைத்திருக்கும் யாருக்கும் இது வரக்கூடியதுதான்.

எங்கள் வீடு ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் வடகடல் பக்கம். கம்ப்யூட்டரை 2022இல் நானே உதிரி உதிரியாக வாங்கிப் பூட்டினேன். மேசை ஜன்னலோரம், ஜன்னல் வடக்குப் பார்த்தது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் வீட்டின் பின்பக்கம் அடி வாங்கும், முன்பக்கம் தப்பித்துவிடும். வடக்கிலிருந்து வரும் வாடைக்காற்று தொடங்கிவிட்டால் அப்படியே தலைகீழ், மார்கழி வரைக்கும் ஜன்னல் கம்பியில் விரல் வைத்தால் பிசுபிசு என்று ஒட்டும், நக்கினால் கரிக்கும். இது கம்ப்யூட்டரோடு சம்பந்தப்பட்ட விஷயம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது வாரத்தில் தினமும் காலையில் இதே கதை. ஆறு மணிக்குக் கோயிலில் பூசை முடிந்து சனம் தெருவில் வரும் நேரத்தில் நான் பட்டனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். பத்து மணிக்கு மேல் அமுக்கினால் முதல் தடவையே ஆன் ஆகும். ஒரு நாள் ராத்திரி இரண்டரை மணிக்கு யாரும் தொடாமலே தானாக ஆன் ஆகிவிட்டது, இருட்டில் ஃபேன் சத்தம் கேட்டு அம்மா பயந்துபோய் என்னை எழுப்பினார்கள். காலையில் வராது, பகலில் வரும், ராத்திரி கூப்பிடாமலே வரும். இந்த மூன்றையும் நான் அன்றே ஒரு தாளில் நேரத்தோடு குறித்து வைத்திருந்தால் பாதி விடை அதிலேயே கிடைத்திருக்கும்.

சிபியூவை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி ராமநாதபுரத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே போய்ச் சேரும்போது உச்சி வெயில். பட்டனை அமுக்கினார்கள், முதல் அமுக்கிலேயே ஆன் ஆனது. பத்து தடவை அமுக்கினார்கள், பத்து தடவையும் ஆன் ஆனது. "எஸ்.எம்.பி.எஸ் வீக்கா இருக்கும்க்கா, அதான் விட்டு விட்டு வருது" என்று, கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியைச் சொல்லி, மூன்று நாள் வைத்திருந்து, புதிய எஸ்.எம்.பி.எஸ் போட்டு, உள்ளே ப்ளோயரால் தூசி ஊதித் தந்தார்கள். 2,800 ரூபாய். வீட்டுக்கு வந்து நான்கு நாள் அருமையாக ஓடியது. ஐந்தாம் நாள் காலை பழைய கதை.

அந்த நான்கு நாள்தான் என்னை மிகவும் குழப்பியது. எஸ்.எம்.பி.எஸ் கோளாறு இல்லையென்றால் நான்கு நாள் ஏன் சரியாக ஓடியது? பிற்பாடு புரிந்தது. மூன்று நாள் ஏசி அறையில் கிடந்து, ப்ளோயர் காற்றும் பட்டு, பட்டனுக்குள் இருந்த ஈரம் காய்ந்துவிட்டது. சரியானதற்கு அதுதான் காரணம், புது எஸ்.எம்.பி.எஸ் இல்லை. ஒரு பாகத்தை மாற்றியதும் கோளாறு மறைந்தால் அந்தப் பாகம்தான் கெட்டுப்போனது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மாற்றும்போது கூடவே வேறு எதெல்லாம் அசைந்தது, எதெல்லாம் காய்ந்தது, எதைக் கழற்றி மாட்டினோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

எங்கள் அப்பா படகு எஞ்சின் மெக்கானிக். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அந்த 61 நாளும் படகெல்லாம் கரையேறி வேலைக்கு நிற்கும், அப்பாவுக்குச் சாப்பிட நேரம் இருக்காது. கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஐந்தாம் நாள் காலையில் நான் பட்டனை அமுக்கி அமுக்கிச் சலித்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, டீயை வைத்தபடியே கேட்டார்: "அந்தப் பட்டன் நேரா கரண்டத் தொறந்து விடுதா தாயி, இல்ல யாரையும் கூப்பிட மட்டும் செய்யுதா?"

"கூப்பிட மட்டும்தான்ப்பா. மதர்போர்டுக்குச் சொல்லும், அது எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குச் சொல்லும்."

"அப்ப வரலன்னு ஆளத் திட்டாத. கூப்பிட்ட சத்தம் அவனுக்குக் கேட்டுச்சான்னு மொதல்ல பாரு."

நான் அதுவரை படித்த எதையும்விட இது தெளிவாக இருந்தது. உண்மையில் நடப்பதும் அதுதான். எல்லாப் பாகமும் வந்து சேரும் பெரிய பலகைதான் மதர்போர்டு. சுவரில் பிளக் மாட்டி, எஸ்.எம்.பி.எஸ் பின்பக்க சுவிட்சைப் போட்டதுமே 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் மதர்போர்டுக்கு வந்துகொண்டே இருக்கும், ஊதா நிற ஒயரில். பவர் பட்டனிலிருந்து வரும் இரண்டு மெல்லிய ஒயர்களில் ஒன்று தரை (கிரவுண்ட்), மற்றதை மதர்போர்டு 3.3 அல்லது 5 வோல்ட்டில் தூக்கி நிறுத்தி வைத்திருக்கும். பட்டனை அமுக்கினால் இரண்டும் சேர்ந்து, அந்த வோல்ட் சுழியத்துக்கு விழும். விழுந்ததைப் பார்த்த மதர்போர்டு எஸ்.எம்.பி.எஸ்ஸின் பச்சை ஒயரைத் தரையோடு சேர்க்கும், அதற்கப்புறம்தான் 12 வோல்ட்டும் மற்றதும் கிளம்பும். ஆக விரலுக்கும் ஃபேனுக்கும் நடுவே நான்கு இடம் இருக்கிறது: பட்டன், ஒயரும் அதன் கனெக்டரும், மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ். கடையில் நான்காவது இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள். செலவே இல்லாமல் சோதிக்கக்கூடியது முதல் இடம்.

மறுநாள் காலை ஐந்தரைக்கே எழுந்தேன். கோளாறு எந்த நேரத்தில் வருகிறதோ அந்த நேரத்தில்தான் சோதிக்க வேண்டும், இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் போதாது. கேபினெட் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். மதர்போர்டில் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது, அதாவது காத்திருப்பு மின்சாரம் வருகிறது. எல்லா மதர்போர்டிலும் இந்த விளக்கு இருக்காது, அப்போது வோல்ட், ஓம் எல்லாம் அளக்கும் மல்டிமீட்டரால்தான் பார்க்க வேண்டும். முன்பக்கத்து மெல்லிய ஒயர்களெல்லாம் மதர்போர்டின் கீழ் ஓரத்தில் இரண்டு வரிசைப் பின்களில் வந்து சேரும். மதர்போர்டோடு வந்த புத்தகத்தில் அதற்குப் படம் இருக்கும், தொலைத்திருந்தால் மாடல் எண்ணைப் போட்டுத் தேடினால் கிடைக்கும், ஊகத்தில் செய்யாதீர்கள். பவர் சுவிட்ச் கனெக்டரை மட்டும் உருவிவிட்டு, அந்த இரண்டு பின்களையும் சின்ன ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி சேர்த்துத் தொட்டேன். ஆன் ஆனது. ஆஃப் செய்து மறுபடி தொட்டேன், ஆன் ஆனது. பத்து தடவையும் வந்தது. கனெக்டரைத் திரும்ப மாட்டிப் பட்டனை அமுக்கினேன், பத்தில் மூன்று தடவைதான் வந்தது.

விட்டு விட்டு வரும் கோளாறில் ஒரு தடவை வந்ததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, அதனால்தான் பத்து பத்தாக எண்ணினேன். நீங்கள் செய்யும்போது அந்த இரண்டு பின்களைத் தவிர வேறெதிலும் ஸ்குரூ டிரைவர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பல மதர்போர்டுகளில் அதே கூட்டத்தில் 5 வோல்ட் பின் ஒன்றும் இருக்கும். கேபினெட்டின் தகட்டை ஒரு தடவை தொட்டுவிட்டுக் கையை உள்ளே விடுவது நல்லது. பவர் சுவிட்ச் ஒயருக்கு மேல் கீழ் கிடையாது, எப்படித் திருப்பி மாட்டினாலும் வேலை செய்யும், எல்இடி ஒயர்களுக்குத்தான் கூட்டல் கழித்தல் பார்க்க வேண்டும்.

ஸ்குரூ டிரைவரிலும் ஆன் ஆகவில்லையென்றால் அப்போது எஸ்.எம்.பி.எஸ்ஸைச் சந்தேகப்படலாம். பிளக்கை உருவிவிட்டு அதை எல்லாவற்றிலிருந்தும் கழற்றி, 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் ஏதாவது ஒரு கறுப்பு ஒயரையும் சிறு கம்பியால் சேர்த்துவிட்டு, அப்புறம் கரண்ட் கொடுத்தால் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றினால் முழுக்க நல்லது என்று அர்த்தம் இல்லை, சுற்றாவிட்டால் பெரும்பாலும் அதுதான் கோளாறு. சில விலை உயர்ந்த வகைகளில் சூடேறும்வரை ஃபேன் சுற்றாது, அதையும் நினைவில் வையுங்கள். ஆனால் எஸ்.எம்.பி.எஸ் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும் கண்டென்சர் உண்டு, பிளக்கை எடுத்த பிறகும் அது அடிக்கும்.

என் விஷயத்தில் கோளாறு பட்டனிலோ அதன் ஒயரிலோதான் என்பது உறுதியாகிவிட்டது. அப்பாவின் மல்டிமீட்டரை எடுத்து, உருவிய கனெக்டரின் இரண்டு முனையிலும் வைத்து மின்தடை பார்த்தேன். பட்டனை அமுக்காதபோது மீட்டர் 'ஓஎல்' காட்ட வேண்டும், அதாவது தொடர்பே இல்லை. எனக்குக் காட்டியது 6 கிலோ ஓம், 8 கிலோ ஓம், நிலையாக நிற்காமல் ஏறி ஏறி இறங்கியது. அமுக்கினால் சுழியம் அல்லது ஒன்றிரண்டு ஓம் காட்ட வேண்டும், எனக்கு 200, 450, ஒரு தடவை 1,100. அப்புறம் மதர்போர்டின் அந்த இரண்டு பின்களில் வோல்ட் பார்த்தேன். பட்டன் இல்லாமல் 3.3 இருந்தது, பட்டனை மாட்டியதும் யாரும் அமுக்காமலே 1.4க்கு இறங்கிவிட்டது. மத்தியானம் ஒரு மணிக்கு அதையே பார்த்தால் 3.2.

யாரோ பட்டனைப் பாதி அமுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதுபோலத்தான் மதர்போர்டுக்கு அது தெரிந்திருக்கிறது. ஏற்கெனவே பாதி விழுந்த வோல்ட்டில் நான் அமுக்குவது தனியாகத் தெரியவில்லை. ராத்திரி ஈரம் ஏறி அது இன்னும் கொஞ்சம் விழுந்தபோது, யாரோ அமுக்கியதாக நினைத்துத் தானாகவே ஆன் ஆகியிருக்கிறது. மூன்று குழப்பத்துக்கும் ஒரே பதில்.

ஈரம் மட்டும் இதைச் செய்யாது, உப்பும் வேண்டும். அடுக்களையில் உப்பு ஜாடியைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான், சித்திரையில் பொலபொலவென்று இருக்கும் உப்பு ஐப்பசியில் கசிந்து ஜாடிக்கு அடியில் தண்ணீராக நிற்கும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு காற்றிலிருக்கும் தண்ணீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். வெயிலேறி ஈரம் குறைந்தால் மறுபடி காய்ந்து தூளாகிவிடும், கடத்தாது. பட்டனுக்குள் தினமும் இதுதான் நடந்துகொண்டிருந்தது. போதாததற்கு, கரைந்து காய்ந்து கரைந்து காய்ந்து உலோகத்தையும் அரித்துவிட்டது.

முன்பக்க பிளாஸ்டிக்கைக் கழற்றி அந்தப் பட்டனைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது 6 மில்லிமீட்டர் சதுரத்தில் ஒரு சின்ன சுவிட்ச், கடையில் ஐந்து ரூபாய்க்குக் கிடைப்பது. பிளேடால் மூடியை நெம்பினால் நான்கு கால் வைத்த தொட்டி, அதன்மேல் மிளகு விதையைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்ததுபோல ஒரு மெல்லிய தகடு. அந்தத் தகட்டின் விளிம்பைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு. நடுவே தொடும் இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம். தொட்டியின் மூலையில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது, ஊசி முனையால் சுரண்டி நாக்கில் வைத்தேன், உப்பு. அப்பா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்துவிட்டு, "படகு எஞ்சின் செல்ஃப் ஒயர் முனையில தினம் பாக்குறதுதான்" என்றார்.

நம் ஊரில் இது அதிசயம் இல்லை. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் காலம் முழுக்கத் துருவோடு போராடியது, அதன் தூக்குப் பகுதி அரித்துப்போய் 2022 டிசம்பரில் ரயிலையே நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் தனி வகைப் பூச்சும் தேவைப்பட்டது. அந்தப் பாலத்தின்மேல் வீசும் காற்றுதான் எங்கள் ஜன்னலுக்குள்ளும் வருகிறது.

சரி, அவசரத்துக்கு என்ன செய்தேன் என்றால், ரீசெட் பட்டனின் கனெக்டரைப் பவர் பின்களில் மாட்டிவிட்டேன். இரண்டும் ஒரே வகை சுவிட்ச்தான், ரீசெட் இல்லாமல் வாழலாம். இரண்டு நிமிட வேலை, அன்றைக்கு வேலை ஓடியது. ஆனால் அதுவும் அதே காற்றில் அதே இடத்தில் இருந்த சுவிட்ச், மூன்றே வாரத்தில் அடம்பிடிக்க ஆரம்பித்தது. உங்கள் கேபினெட்டில் ரீசெட் பட்டன் இல்லையென்றால், கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி பயாஸில் (மதர்போர்டின் சொந்த அமைப்புப் பக்கம்) ஒரு அமைப்பு இருக்கிறது, யுபிஎஸ் சுவிட்சைப் போட்டாலே கம்ப்யூட்டர் கிளம்பிவிடும். எங்கள் தெருவில் மழைக்காலத்தில் கரண்ட் ஒரு மணி நேரத்துக்கு நான்கு தடவை போய் வரும், அதனால் அதை ஒரே நாளில் எடுத்துவிட்டேன்.

அப்புறம் மார்கழியில், பெரிய சுவிட்சாகப் போட்டால் நிலைக்கும் என்று நினைத்து காலிங் பெல் சுவிட்ச் ஒன்றை வாங்கி மேசைப் பக்கவாட்டில் அடித்து, நீள ஒயர் கொடுத்து மாட்டினேன். அமுக்கினால் டக் என்று உறுதியாக இருந்தது, பித்தளைத் தகடு தடிமன், 6 ஆம்பியர் தாங்கும் என்று பின்னால் போட்டிருந்தது. மாசி வரைதான் வந்தது. திறந்து தகட்டை அரத்தால் தேய்த்தால் ஒரு வாரம் ஓடும், மறுபடி நிற்கும். இது ஏன் என்று தேடியபோது தெரிந்துகொண்டதைப் பலருக்கும் சொல்லியிருக்கிறேன். 230 வோல்ட்டில் ஓடும் சுவிட்சில் ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பொறி பறக்கும், தகட்டின் மேல் படிந்த மெல்லிய களிம்பை அந்தப் பொறியே எரித்துச் சுத்தம் செய்துவிடும். கம்ப்யூட்டர் பட்டனில் ஓடுவது 3.3 வோல்ட்டில் ஒரு மில்லி ஆம்பியர்கூட இல்லாத மின்சாரம். பொறியும் வராது, களிம்பும் எரியாது. பெரிய கரண்டுக்குச் செய்த சுவிட்ச் இந்தச் சின்ன வேலைக்கு ஆகாது. காற்றே புகாத, சின்ன கரண்டுக்கான சுவிட்ச்தான் வேண்டும்.

2024 பங்குனியில் 12 மில்லிமீட்டர் வாட்டர்ப்ரூஃப் புஷ் பட்டன் இரண்டு வாங்கினேன், ஸ்டீல் உடம்பு, உள்ளே ரப்பர் வளையம், தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான ஐபி67 குறிப்பு. வாங்கும்போது கவனம் தேவை: இதே தோற்றத்தில் அமுக்கினால் அமுங்கியே நிற்கும் வகையும் வரும். அதை மாட்டினால் கம்ப்யூட்டர் ஆன் ஆகி நான்கு நொடியில் ஆஃப் ஆகிவிடும், ஏனென்றால் பட்டனை நான்கு நொடி பிடித்திருந்தால் கட்டாயமாக நிறுத்துவது மதர்போர்டின் வழக்கம். விரலை எடுத்ததும் மேலே வந்துவிடும் வகையைக் கேட்டு வாங்குங்கள். பழைய ஒயரை வெட்டி, பட்டன் கால்களில் ஈயம் வைத்துப் பற்றவைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சூடு காட்டிச் சுருக்கினேன். மதர்போர்டு பக்கத்துப் பின்களை 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த சின்ன பிரஷ்ஷால் துடைத்தேன், கம்ப்யூட்டரை முழுக்க அணைத்து பிளக்கை எடுத்த பிறகு. உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், பின்னின் மேல்பூச்சு போய்விட்டால் அதற்கப்புறம் இன்னும் வேகமாக அரிக்கும். துரு விடுவிக்க அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயும் வேண்டாம், தூசியைப் பிடித்து வைக்கும்.

அந்த நான்கு நொடிக் கணக்கு இன்னொரு இடத்திலும் உதவியது. வேதாளையில் என் சித்தி மகன் கம்ப்யூட்டர் ஆன் ஆகி உடனே ஆஃப் ஆகிறது, மதர்போர்டு போய்விட்டது என்று போனில் அழாத குறையாகச் சொன்னான். எத்தனை நொடியில் ஆஃப் ஆகிறது என்று எண்ணிச் சொல்லச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் நான்கு. போய்ப் பார்த்தால் வெளியே இருக்கும் பிளாஸ்டிக் பட்டன் சாய்ந்து, ஓட்டையின் விளிம்பில் மாட்டி உள்ளேயே நிற்கிறது. விரல் நகத்தால் நெம்பி விட்டதும் சரியானது, விளிம்பை நகம் உரசும் பட்டையால் கொஞ்சம் உரசிவிட்டு வந்தேன். நொடி மாறி மாறி வந்திருந்தால் சூடு, எஸ்.எம்.பி.எஸ், ராம் (மெமரி) என்று வேறு பக்கம் தேடியிருக்க வேண்டும்.

மேசையை வடக்கு ஜன்னலிலிருந்து நடு அறையின் உள்சுவருக்கு மாற்றிவிட்டேன், வெளிச்சம் குறைவுதான், ஆனால் யுஎஸ்பி ஓட்டைகளும் ஆடியோ ஓட்டையும் முன்புபோல் பச்சை பிடிப்பதில்லை. வாடைக் காலத்தில் வேலை இல்லாத நாளிலும் கம்ப்யூட்டரை ஒரு மணி நேரமாவது ஓடவிடுகிறேன், உள்ளே சூடேறிக் காய்வதற்காக. புதுப் பட்டன் இரண்டு வாடையைப் பார்த்துவிட்டது. மார்கழிக் காலையில் ஆறு மணிக்கு மீட்டர் வைத்துப் பார்த்தேன், அமுக்காதபோது ஓஎல், அமுக்கினால் 0.4 ஓம். இரண்டாவது பட்டனை ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி எடுத்து, அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன், அம்மாவிடம் சொல்லித்தான்.